ஓலை வாசிக்கும் முன்

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ். நேற்று போனில், கோவிலில் உன் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கிற தேதியைச் சொன்னதும் "சரிம்மா" என்றாய். அந்தச் சரியை நினைத்து இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன சரி மாதிரியே இருந்தது.

என் கல்யாணத்துக்கு முன் பங்குச்சாமியார் என்னைத் தனியாக அவர் தங்கும் பங்களாவுக்குக் கூப்பிட்டு, "யாரும் வற்புறுத்தவில்லையே? சொந்த விருப்பம்தானே?" என்று கேட்டார். வாசல் திரைக்கு அடியில் பெரியத்தையின் கால் தெரிந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, பெருவிரல் பக்கம் தேய்ந்துபோனது. அதையே பார்த்துக்கொண்டு "ஆமா சாமி" என்றேன். உன் அப்பாவோடு நல்லபடியாகத்தான் வாழ்கிறேன், அது ஆண்டவர் கிருபை. ஆனால் அந்தக் கேள்வியின் கனம் அன்று எனக்குத் தெரியாது.

நம் பூசையில் கல்யாணத்தை ஆக்குவது சாமியார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நம் கத்தோலிக்கத் திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும்தான் கல்யாணம் என்கிற அருட்சாதனத்தை, அந்தப் புனிதச் சடங்கை, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். சாமியார் திருச்சபையின் பேரால் நிற்கும் சாட்சி. உங்கள் இருவரின் சம்மதம்தான் திருமணம். கட்டாயத்துக்கோ பெரும் பயத்துக்கோ பணிந்து கொடுத்த சம்மதம் செல்லாது என்று 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் 1103-ஆம் எண்ணில் இருக்கிறது. 1563-இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கத்தில், பெற்றோர் சம்மதிக்காத கல்யாணம் செல்லாது என்று ஆக்கச் சொல்லி பிரான்ஸ் தரப்பு கேட்டது. பெற்றோரை மீறுவது சங்கத்துக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் அந்தச் சட்டத்தைப் போட மறுத்துவிட்டது. அந்தக் காலத்திலேயே!

"ஒத்துவராவிட்டால் பிரிந்துவிடலாம், உங்களுக்கு அதுவும் கிடையாதே" என்று உன் ஆபீஸ் தோழி கேட்டதாகச் சொன்னாயே. ஆமாம், நமக்குக் கிடையாது. கடவுள் சேர்த்து வைத்ததை மனிதர் பிரிக்கக் கூடாது என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன். வாழ்நாள் முழுக்க என்று வாக்குக் கொடுக்கப் போகிறவளிடம் முதலிலேயே மனதைத் திறந்து கேட்க வேண்டாமா?

உன்னிடம் நாங்கள் அப்படிக் கேட்கவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் முதலில் சாதியைப் பார்த்தார்கள், அப்புறம் வேலையை. உன் முறை கடைசியில்தான் வந்தது. ஞானஸ்நானம் வாங்கிய வீட்டில் இப்படி நடந்ததை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பக்கத்திலேயே இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

மாப்பிள்ளை நல்ல பையன்தான். உனக்கு மனசார இஷ்டம் என்றால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை. வருகிற ஞாயிறு முதல் ஓலை. மனசு ஒப்பவில்லை என்றால் சனிக்கிழமைக்குள் எனக்குப் போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். பங்களாவுக்கும் நானே போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அம்மா