கொன்றைக் கன்றுகளும் நடுகைத் துண்டுப்பிரசுரமும் தொடர்பான முறைப்பாடு

உப்புவெளி,
திருகோணமலை.
18.08.2025

முகாமையாளர்,
விற்பனைப் பிரிவு.

ஐயா,

வீட்டு வளவில் நிழலுக்கும் பூவுக்குமாக, கடந்த மே மாதம் உங்கள் நாற்றுப்பண்ணையிலிருந்து எட்டுச் சரக்கொன்றைக் கன்றுகளை வரவழைத்தோம். மூன்று பட்டுவிட்டன. ஒன்று சரக்கொன்றையே அல்ல. பற்றுச்சீட்டின் பிரதியும் படங்களும் இத்துடன் உள்ளன.

பட்ட கன்றுகளைக் கிண்டியெடுத்து மண்ணைக் கழுவிப் பார்த்தோம். ஆணிவேர் பையின் அடியில் முட்டிக் கொக்கிபோல் மேலே வளைந்திருந்தது. பக்கவேர்கள் பையோரமாகச் சுற்றிச் சுற்றி ஓடி அடித்தண்டையே நெரித்திருந்தன. உயிரோடிருக்கும் ஒன்றின் அடிமண்ணை விலக்கிப் பார்த்தால் அங்கும் அதே சுற்றுவேர்தான். ஆறங்குலப் பொலித்தீன் பையில் ஐந்தடி உயரம் வரும்வரை வைத்திருந்தால் வேறெப்படி இருக்கும்? கொன்றை கோடையைத் தாங்குவதே ஆழமாக இறங்கும் ஆணிவேரால்தான். வளைந்து முற்றிய வேர் நட்ட பிறகு தானாக நிமிராது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வேர் பழைய பைமண்ணை விட்டு வெளியே வராது; எங்கள் கரையோர மணலிலோ ஊற்றிய தண்ணீர் நிற்பதில்லை. இப்படிப்பட்ட கன்று தப்பி வளர்ந்தால் இன்னும் ஆபத்து. 2020 டிசெம்பரில் புரேவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கேதான். பிடிப்பில்லாத மரத்தை வீட்டோரம் எந்தத் துணிவில் வளர்ப்பது?

உயரத்தைப் பார்த்து விலை போடாதீர்கள். ஓரடி ஆழப் பையில் நிற்கும், பென்சில் பருமன் தண்டுள்ள இரண்டடிக் கன்று உங்கள் ஐந்தடிக் கன்றைச் சில வருடங்களில் முந்திவிடும்.

அடுத்தது உங்கள் நடுகைத் துண்டுப்பிரசுரம். மே மாத மழையோடு நடச் சொல்கிறீர்கள். கொழும்புக்கும் காலிக்கும் அது சரி. இங்கே மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசுவது கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று. எங்கள் நடுகைக் காலம் மாரி தொடங்கும் ஒக்டோபர் கடைசியும் நவம்பரும். அப்போது நட்டால் அடுத்த கச்சானுக்கு முன் வேர் கீழே இறங்கிவிடும். குழிக்குள் 100 கிராம் யூரியா போடச் சொல்லியிருப்பது அதைவிட மோசம், இளவேர் கருகும். இரண்டடிக் குழியில் மேல்மண் இரண்டு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு போதும். பொச்சுமட்டையைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கவிழ்த்து அடுக்கி, முதற்கோடையில் தென்மேற்குப் பக்கம் கிடுகு மறைப்புக் கட்ட வேண்டும். மதிலிலிருந்து மூன்றடியாம்! பதினைந்தடியாவது விடாவிட்டால் கிளை விரிய இடமேது?

மாறி வந்த கன்று மஞ்சட்கொன்றை. சரக்கொன்றையில் நான்கு முதல் எட்டுச் சோடி அகன்ற சிற்றிலைகள் இருக்கும். இதிலோ பத்துப் பன்னிரண்டு சோடி, ஒவ்வொன்றும் விரலளவு, நுனி மழுங்கியவை. இதன் பூங்கொத்து கிளைநுனியில் நிமிர்ந்து நிற்கும், சரமாகத் தொங்காது. விறகுக்கு நல்ல மரம்தான், நாங்கள் கேட்டது அதுவல்ல.

எனவே எட்டுக்கும் பதிலாக, மேலே சொன்ன அளவிலான சரக்கொன்றைக் கன்றுகளை ஒக்டோபர் கடைசி வாரத்தில் உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். லொறி வந்ததும் ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்த்த பின்பே மற்றவற்றை இறக்குவோம். இயலாதெனில் கன்றுகளின் விலையையும் லொறிக் கூலியையும் திருப்பித் தாருங்கள். உலர் வலயத்துக்கான துண்டுப்பிரசுரத்தைத் திருத்தி அச்சிடும்வரை இப்போதுள்ளதை இந்தப் பக்கம் கொடுக்க வேண்டாம்.

14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவோம்.

இங்ஙனம்,
வாடிக்கையாளர்