எண்ணை அம்பலமாக்கும் குழுவோடு என்ன உறவு?

ஆசிரியருக்கு,

பிடிக்காதவர்களின் முகவரி, கைப்பேசி எண்ணை இணையத்தில் போட்டுவிடும் கும்பல்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2022 செப்டம்பரில் இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் சேவையை நிறுத்தியதும், இப்படி ஆட்களைக் குறிவைத்துத் தொல்லை தரும் கிவி ஃபார்ம்ஸ் தளம் முடங்கியது. அப்புறம் வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது என்பதும் உண்மைதான், அதற்காக இந்தக் கும்பல்களோடு உறவை முறிப்பது வீண் வேலை என்று சொல்ல மாட்டேன், இவர்களுக்குக் கூட்டம் சேருவதே மற்றவர்கள் பகிரும் இணைப்புகளால்தானே.

எங்கள் ரயில் பயணிகள் வாட்ஸ்அப் குழுவில், சீட் தகராறில் சிக்கிய ஒரு பெண்ணின் எண்ணை இன்னொரு குழுவிலிருந்து ஒருவர் கொண்டுவந்து போட்டார். பத்தே நிமிடத்தில் அழித்தோம், அதற்குள் அந்தப் பெண்ணுக்கு நாற்பது அழைப்புகள். எண் முதலில் வந்த அந்த இன்னொரு குழுவின் நிர்வாகியோ, "நான் போடலையே" என்றார். இப்படிப்பட்ட குழுவுக்கு முதலில் எச்சரிக்கை, இரண்டு நாள் கெடு, அதற்கும் அசையாவிட்டால் அவர்களின் பதிவு எதையும் பகிர்வதில்லை என்று ஒவ்வொரு குழுவும் தன் விதிகளில் எழுதி வைக்கலாம்.

– ஒரு வாசகர், அரக்கோணம்