மாடி அரங்கத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் கட்டிய நூறு பேர் அரங்கம் முதல் மார்கழியைத் தாண்டிவிட்டது. 2017-இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம் என்று யுனெஸ்கோ அறிவித்தபோது எல்லோரும் பெரிய சபாக்களைப் பற்றித்தான் பேசினார்கள். முதல் கச்சேரிக்கு வரும் பிள்ளைகள் மைக் இல்லாமல் பாட ஓர் இடம் வேண்டாமா? அந்த ஆசைதான் இது.

முதல் நன்றி ஆர்க்கிடெக்ட் மேடத்துக்கு. பூச்சு முடிந்த அன்று நடு ஹாலில் நின்று ஒருமுறை கைதட்டினார். பத்து பேர் தட்டியதுபோல் தடதடவென்று திரும்பி வந்தது. எதிரெதிரே இரண்டு வழவழப்பான சுவர்கள் இருந்தால் ஒலியை வைத்துப் பந்தாடுமாம். ஒரு சுவரில் மரச்சட்டம் அடித்து, பின்னால் தென்னை நார் திணிக்கச் சொன்னார். சுற்றிலும் துணி போர்த்திவிடலாமே என்றேன். "அப்புறம் தம்புரா செத்துப்போகும் சார்" என்றார். ஹார்வர்டில் 1895-இல் அரங்க ஒலி பற்றிய ஆய்வைத் தொடங்கிய இயற்பியலாளர் சபைன், பக்கத்து அரங்கத்து மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி எதிரொலியை அளந்த கதையையும் அன்றுதான் கேட்டேன். ரசிகர்களும் ஒருவகையில் மெத்தைதான். கூட்டம் உட்கார்ந்தால் முழக்கம் அடங்கிவிடும். அதனால் காலி ஹாலில் சற்றுக் கூடுதலாகவே முழங்கட்டும் என்று விட்டுவைத்தார்.

அடுத்து மிருதங்க அண்ணா. மேடைக்கு நேர் மேலே ஏசி காற்று விழும்படி வைத்திருந்தோம், புத்திசாலித்தனமாக! ஐந்தே நிமிடத்தில் வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல், சுருதி விலகியது. போதாக்குறைக்கு ஏசியின் ரீங்காரம் தனியாக ஒரு சுருதி பிடித்தது. அவர் கோபப்படாமல் சுத்தியலைத் தட்டிக்கொண்டே தவறைச் சுட்டிக்காட்டினார். ஏசி தம்பி காற்றுக்குழாயை அகலமாக்கி, பக்கச்சுவருக்கு மாற்றினார். அகலக் குழாயில் காற்று மெல்ல நகரும், இரைச்சலும் குறையும்.

பக்கத்து வீட்டு மாமிக்கு நன்றி மட்டும் போதாது. முதல் இரண்டு வாரத் தனி ஆவர்த்தனமும் (மிருதங்கம் மட்டும் தனியாக முழங்கும் பகுதி) அவர் படுக்கையறைக்குள்தான் நடந்தது. சுவரைக் கனமாக்கிய நாங்கள் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடுக்கை மறந்திருந்தோம். ரப்பர் பட்டை போட்ட பிறகுதான் அவருக்குத் தூக்கம்.

தச்சர் ஐயாவுக்கும் நன்றி. நான்காவது வரிசையில் ஒரு நாற்காலி மட்டும், சரியாக ஆலாபனை நேரம் பார்த்து, கிறீச்சிடுகிறது. தை பிறந்ததும் வருவதாகச் சொன்னீர்கள் ஐயா, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாடி வீட்டுக்காரர்