பாறைக்குளத்து ஏணியை மாற்றித் தரக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: பாறைக்குளத்தில் நீந்துவோர்
பெறுநர்: உயர்திரு கடற்கரைப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்

ஐயா,

வணக்கம். முனைக்கு அந்தப் பக்கம், ஒற்றையடிப் பாதை முடியும் இடத்தில் உள்ள பாறைக்குளத்தைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அதன் இரும்பு ஏணி குறித்து மூன்று மனுக்கள் கொடுத்தும் பதில் இல்லை. எனவே மீண்டும் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறோம்.

1. பாதையில் இரண்டு இடங்களில் மண் சரிந்திருக்கிறது. அதை எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம்.

2. சமாளிக்க முடியாதது ஏணிதான். கீழ்ப்படிகள் மூன்றும் துருப்பிடித்து விழுந்துவிட்டன. நான்காவது படி ஒரு பக்கம் அறுந்து கூராக நீட்டிக்கொண்டிருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது இது யாருக்கும் உறைப்பதில்லை; ஓரத் திட்டு வழியாகவே இறங்கி ஏறிவிடலாம். கடல் ஏறி முடிய ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆனாலும், நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் ஏறிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் உயரம். திட்டின் மேல் அலை அடிக்கத் தொடங்கிவிட்டால் ஏணியை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஏணியில்தான் கால் வைக்கப் படி இல்லை!

போன பௌர்ணமிக்கு மறுநாள் ஒரு அம்மா மாட்டிக்கொண்டார். அலை தூக்கும்போது கம்பியைப் பிடிப்பார். அலை இறங்கியதும் உடம்பு முழுக்கக் கையில் தொங்கும். முழங்கால் சிப்பி ஒட்டிய பாறையில் உரசிக் கிழியும். நாலாவது தடவை அவருக்குப் பிடி நழுவியது. துண்டுகளை முடிந்து போட்டுத்தான் இழுத்தோம். ஐயா, அன்று நாங்கள் அங்கே இல்லாதிருந்தால்?

3. பழைய ஏணிக்கே பெயின்ட் அடித்து முடித்துவிட வேண்டாம். உப்புத் தண்ணீர் தின்றுவிடும். உப்புத் தண்ணீரை நன்கு தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏணி வேண்டும். கடல் வற்றும்போதும் இரண்டு படியாவது முங்கியிருக்க வேண்டும்.

4. கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்று, கடல் ஏறி வற்றும் நேரம் எழுதிய பலகை ஒன்று.

5. 'ஆபத்து' என்று எழுதி வேலி மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆட்கள் தாண்டித்தான் வருவார்கள். மூன்று மனுவும் எந்த மேசையில் கிடக்கின்றன? 'பார்த்தோம்' என்று ஒரு வரி எழுதவா நேரமில்லை?

மற்றவை மெதுவாக நடக்கட்டும். அடுத்த அமாவாசைக்குள் ஏணியை மட்டுமாவது மாற்றித் தாருங்கள். ஏணியை மாற்றித் தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
பாறைக்குளத்தில் நீந்துவோர்