நுமுனுவின் மண்

டல்லஸ்,
அக்டோபர் 14

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மனம் குளிர்ந்தது. மருந்தை மட்டும் விடாதே.

போன வாரம் மகளும் மருமகனும் என்னைப் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார்கள். இங்கிருந்து காரில் ஆறு மணி நேரம். கண்ணுக்கெட்டிய வரை ஒரே சமவெளி. திடீரென்று நிலம் பிளந்து செம்பாறைச் சுவர்கள் இறங்குகின்றன. இது கொமான்சேக்கள் என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் நாடு. தங்களை அவர்கள் 'நுமுனு' என்பார்கள். 'மக்கள்' என்று பொருள்.

வடக்கே ஷொஷோனி இனத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள். ஸ்பானியர் கொண்டுவந்த குதிரை கைக்கு வந்ததும் அவர்கள் வாழ்வே மாறியது. காட்டெருமையும் மேய்ச்சலும் உள்ள இடமெல்லாம் அவர்கள் வசமாயின. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அப்பாச்சி என்ற இன்னொரு பழங்குடியினரைச் சமவெளியிலிருந்து விரட்டிவிட்டார்கள். ஆர்க்கன்சாஸ் ஆறு முதல் சான் அன்டோனியோ அருகுவரை அவர்கள் சொல்லே செல்லும். அரசனும் கிடையாது, தலைநகரும் கிடையாது, தனித்தனிக் குழுக்கள்தாம். ஆனால் 1786இல் நியூ மெக்சிகோவின் ஸ்பானிய ஆளுநர் அன்சா அவர்களோடு சமாதானம் பேச வேண்டியிருந்தது. 1848இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்த உடன்படிக்கையைப் பார்: வடக்கிலிருந்து பழங்குடிகள் மெக்சிகோவுக்குள் படையெடுப்பதை அமெரிக்கா தடுக்க வேண்டும் என்று அதில் ஒரு தனிப் பிரிவே உண்டு. இரண்டு நாடுகள் எல்லை வகுக்கும்போதும் இவர்களை விட்டுவிட்டுப் பேச முடியவில்லை. அவர்கள் கையால் ஊர்கள் எரிந்ததையும் பெண்களும் பிள்ளைகளும் சிறைபட்டதையும் நான் மறைக்கவில்லை.

அம்மையும் காலராவும் மக்களை வாரிக்கொண்டு போயின. தோலுக்காகக் காட்டெருமைகளை வேட்டைக்காரர்கள் சுட்டுக் குவித்தார்கள். 1874 செப்டம்பரில் கர்னல் மெக்கென்சியின் அமெரிக்கப் படை இதே பள்ளத்தாக்கில் இறங்கியது. மக்களில் பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள். பிடிபட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கொமான்சே தலைவர் குவானா பார்க்கர் சில் (Sill) என்ற அமெரிக்க ராணுவக் கோட்டைக்கு வந்து சரணடைந்தார். முருகேசா, அந்த விளிம்பில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

கொமான்சேக்களின் இன்றைய தலைமையகம் ஓக்லஹோமாவின் லாட்டன் நகரில் இருக்கிறது. ஊர் திரும்புமுன் அங்கேயும் போய் வர வேண்டும்.

உன் அலமாரியில் பழைய வரலாற்று அட்லஸ் இருக்குமே, கண் தெளிந்ததும் எடுத்துப் பார். 1800ஆம் ஆண்டு வரைபடத்தில் இந்த இடத்தில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று எனக்கு எழுது.

என்றும் உன்,
சுந்தரம்