அன்று வந்த செவிலியர் சகோதரிக்கு

அப்பாவின் மூச்சு வீட்டிலேயே, எங்கள் கண்முன்னே அடங்கியது. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஊசி போட வந்த நீங்கள் நாடியைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். யாரும் கேட்காமலே அவர் இமைகளை மூடினீர்கள். 2, 3 மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும் என்று மெதுவாகச் சொல்லி, தாடைக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து, கைகால்களை நேராக்கினீர்கள். இறப்பை உறுதிசெய்து சான்று எழுத மருத்துவரை அழைத்ததும் நீங்கள்தான். ஒவ்வொரு முறையும் "ஐயா, கையை எடுக்கிறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டே தொட்டீர்கள்.

"இவ்வளவு வேண்டியும் கடவுள் கைவிட்டுட்டாரே" என்று அழுத அம்மா, இப்போது "அந்தப் பொண்ணை அவர்தான் அனுப்பினார்" என்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் உங்களுக்காக நானும் வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சகோதரி. அம்மா உங்கள் பெயரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.