வாய் திறந்து பேச முடியாத பிள்ளைக்கும் 14416 வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கும், 14416 மனநலச் சேவையை நடத்தும் குழுவினருக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள். 2022 அக்டோபரில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இந்தச் சேவை வந்தபோது மனதார மகிழ்ந்தேன். 24 மணி நேரமும், காசில்லாமல், தமிழில் பேசலாம். தேர்வு பயத்துக்கு இது சரி. ஆன்லைனில் அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டப்படும் பிள்ளைக்கு?

முதலில் அவளுக்குப் பேச இடம் கிடையாது. எங்கள் மாணவர்கள் பலருக்கு வீடே ஒரே அறைதான். மிரட்டல் இரவு பதினொரு மணிக்கு வரும். பக்கத்தில் அம்மா, தம்பி, பாட்டி எல்லோரும் படுத்திருப்பார்கள். போன் அண்ணனுடையது, சிம் அப்பா பேரில். கால் ஹிஸ்டரியில் 14416 இருந்தால் காலையில் “இது என்ன நம்பர்?” என்று விசாரணை தொடங்கும். அப்புறம் போனைப் பிடுங்குவார்கள், பள்ளியை நிறுத்துவார்கள், சில வீடுகளில் மாப்பிள்ளையே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மிரட்டுகிறவனுக்கு இது அத்தனையும் அத்துபடி. “உங்க அப்பாவுக்கு அனுப்பவா?” என்ற ஒரு வரி போதும் அவனுக்கு.

அதனால் எழுத்தில் உதவி கேட்க வழி செய்யுங்கள். தனி ஆப் வேண்டாம். பிரவுசரில் திறந்து, யாராவது வந்தால் சட்டென்று மூடிவிடக்கூடிய சாட் போதும். ஓடிபி கேட்காதீர்கள், அது அப்பா போனுக்குப் போகும். எதிர்முனையில் தங்கிலீஷ் புரிகிற ஒரு மனிதர் உட்காரட்டும். சாட்பாட்டை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

படம் பரவிவிடுமோ என்ற பயம் இருக்கும்வரை எந்த ஆறுதலும் காதில் ஏறாது. பிரிட்டனில் 18 வயதுக்குட்பட்டவர் தன் படத்தை நீக்கச் சொல்லித் தானே கேட்க, 2021 முதல் ‘ரிப்போர்ட் ரிமூவ்’ என்ற சேவை இருக்கிறது. அதை நடத்துவதில் குழந்தைகளுக்கு ஆலோசனை சொல்லும் சைல்டுலைனும் பங்காளி. அமெரிக்காவிலிருந்து இயங்கும் ‘டேக் இட் டவுன்’ சேவையை நம் பிள்ளைகளும் பயன்படுத்தலாம். படம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் ஹேஷ், அதாவது டிஜிட்டல் கைரேகை மட்டுமே போகும். சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடித் தடுக்கும். என்கிரிப்ட் செய்த, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்க முடிகிற சாட்டுகளில் இது எடுபடாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கேயோ மனசுக்கு 14416, சைபர் புகாருக்கு 1930, குழந்தை என்றால் 1098. ஒரே கதையை மூன்று பேரிடம் சொல்ல எந்தப் பிள்ளைக்குத் தெம்பிருக்கும்? உங்கள் ஆலோசகரே கூட இருந்து இந்த வேலைகளை முடித்துக் கொடுக்கட்டும்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும். ஆலோசகருக்கும் விலக்கு இல்லை. அதைப் பிள்ளை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு சொல்வது பெரிய துரோகம். முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே 24ஆம் பிரிவையும் சொல்லுங்கள்: வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்கலாம், கூடியவரை பெண் அதிகாரியே வருவார், சீருடையில் வரக்கூடாது. இது தெரிந்தாலே பாதி நடுக்கம் குறையும். தெரிந்த பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அரசாணையிலேயே வெளியானது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே மாதம் அந்த வழக்கின் குற்றவாளிகள் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. இருந்தும் தீர்ப்பைவிடப் பெயர் வெளியே வந்த கதைதான் ஊரில் நிற்கிறது. சாட்டில் எழுதுவது எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் அதே பக்கத்தில் போடுங்கள்.

பையன்களும் இதில் சிக்குகிறார்கள். வீடியோ கால் எடுத்து, அதைப் பதிவு செய்து, பணம் கேட்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. “ஆம்பளைப் பையன்தானே” என்று சிரிக்காத ஆலோசகர் அவர்களுக்கு வேண்டும்.

கடைசியாக, விளம்பரம். உதவி எண்கள் போட்ட போஸ்டரைத் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒட்டுகிறோம். அங்கே நின்று எந்தப் பிள்ளையும் படிக்காது. அடுத்த முறை கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுகிற மாதிரி சின்ன ஸ்டிக்கர்களாக அனுப்புங்கள், ஒட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை